எவ்விடம்? – ஆங்கிலத்தில் ஊர் சொல்லும் வகை

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆங்கில இலக்கணத்தில் ஒரு சிறு பகுதி. இந்து வாலிபர் சங்கத்தில் ஆங்கில இலக்கணத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிறமொழியைச் செவ்வையாகக் கற்றவன் தன் நிலையிலிருந்து நீங்கவேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் படித்த நாமும் அந்தத் துணிவிலேயே பேச வந்தோம்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒன்று எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் எவ்வாறு சொல்கின்றனர்?

முதலில் நம் வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். நம் இலக்கணத்தில் இந்தப் பொருள் ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று அதற்கு நான்கு பொருள்களை நன்னூலார் வகுத்தார். மரத்தின் வீழ்ந்தது கனி என்பது நீங்கல். பரந்தனின் கிழக்கு விசுவமடு என்பது எல்லை. இக்காலத்தில் நீங்கலைத் தெளிவாகச் சொல்ல ‘இருந்து’ என்பதைச் சேர்க்கிறோம். அதிலும் உயர்திணையைப் பிரித்துவிடுகிறோம். கனடாவிலிருந்து காசு வந்தது என்போம்; அண்ணனிடமிருந்து காசு வந்தது என்போம். ஊருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. ஆங்கிலத்திலோ இரண்டிடத்தும் ‘ஃபிறொம்’ ஒன்றே. ஊரென்றும் ஆளென்றும் அது பார்ப்பதில்லை. காய்ச்சலால் வருந்துவதற்கும் அவர்கள் ‘சஃபர் ஃபிறொம்’ என்றே சொல்வர்.

ஆனால் எல்லைப் பொருளில் வந்த நம் ஐந்தாம் வேற்றுமையை மொழிபெயர்க்கும்போது அந்த ஒன்று போதாது. விசுவமடு பரந்தனுக்குக் கிழக்கே என்று சொல்ல ‘ஈஸ்ற் ஒவ் பரந்தன்’ என்று ‘ஒவ்’ வேண்டும். பரந்தனிலிருந்து இத்தனை மைல் என்று தூரம் சொல்ல ‘ஃபிறொம்’ திரும்பி வரும். ‘ஒவ்’ என்பதற்கு உடைமைப் பொருள் ஒன்றையே நாம் பாடமாக்கிவிடுகிறோம். பழைய ஆங்கிலத்தில் அதுவே ‘அப்பால், நீங்கி’ என்ற பொருளைத் தந்தது. இன்று இரு சொற்களாக நிற்கும் ‘ஒவ்’, ‘ஓஃப்’ ஆகிய இரண்டும் அக்காலத்தில் ஒரே சொல்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பொருள் செய்யப்படும் முறையில் நன்றாகக் காணலாம். பாலை மரத்தில் செய்த கதிரைக்கு ‘மேட் ஒவ்’ என்பர். கதிரையைப் பார்த்தால் மரம் இன்னும் மரமாகவே தெரிகிறது. கருப்பநீரைக் காய்ச்சி எடுத்த பனங்கட்டிக்கு ‘மேட் ஃபிறொம்’ என்பர். கருப்பநீர் தன் உருவை இழந்துவிட்டது. மூலம் கண்முன் நிலைத்து நின்றால் ‘ஒவ்’, மாறி வேறொன்றாகிவிட்டால் ‘ஃபிறொம்’. எல்லா இடத்துக்கும் இறுக்கமான விதி இதுவன்று. எனினும் மாணவனுக்கு நல்ல வழிகாட்டி.

இனி நம் பேச்சுத் தமிழ் வைக்கும் ஒரு பொறியைச் சொல்லவேண்டும். ‘எங்காலை வாறியள்?’ என்று கேட்டால் ‘கோயிலாலை வாறம்’ என்கிறோம். மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’ நம் வாயிலே ஐந்தாம் வேற்றுமையின் வேலையையும் செய்கிறது. ‘ஆல்’ என்றதும் ஆங்கிலத்தில் ‘பை’ என்று எழுதப் பழகிய பிள்ளை இங்கேயும் ‘பை’ போட்டால், கேட்பவர் கோயிலைக் கடந்து வந்ததாக விளங்கிக்கொள்வார். கோயிலிலிருந்து வந்ததாக அல்ல.

இதனிலும் பெரிய பொறி வினைச்சொல்லில் இருக்கிறது. ‘வெயார் ஆர் யூ ஃபிறொம்?’ என்று நேர்முகப் பரீட்சையில் கேட்கிறார்கள். ‘ஐ ஆம் கமிங் ஃபிறொம் விசுவமடு’ என்று நம் வாலிபர் பலர் விடையளிக்கின்றனர். ‘விசுவமடுவிலிருந்து வருகிறேன்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. ஆங்கிலேயர் காதில் அதற்குப் பொருள், இப்பொழுது பஸ்ஸில் வந்து இறங்கினேன் என்பதே. ‘ஐ கம் ஃபிறொம் விசுவமடு’ என்று சொன்னால் பயணம் மறைந்து உரிமை வருகிறது. ‘ஐ கேம் ஃபிறொம்’ என்று இறந்தகாலத்தில் சொன்னால் பெரும்பாலும் அது ஒருமுறை நடந்த பெயர்ச்சியையே குறிக்கும்.

சகோதரர்களே, இந்தக் கால வேறுபாடு நமக்கு வெறும் இலக்கணமன்று. 1960களில் படித்த வாலிபருக்குக் காணி கொடுத்த குடியேற்றத் திட்டத்தால் வளர்ந்த ஊர் இது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டி மிளகாயும் வெங்காயமும் நட்டோர் உண்டு. 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோரும் உண்டு. அவர்களைக் குறித்துப் பேசும்போது ‘கேம் ஃபிறொம்’ பொருந்தும். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ‘கம் ஃபிறொம் விசுவமடு’ என்பதே பொருந்தும். பாட்டனின் ஊரும் பேரனின் ஊரும் ஒன்றையொன்று மறுக்காமல் ஒரே பந்தியில் நிற்க அம்மொழி இடம் தருகிறது.

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் நெருங்கியபோது ஊரே வெறிதாயிற்று. பின்னர் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். அம்முகாம் 2012இல் மூடப்பட்டது. கூடாரத்துக்குள் இருந்தவனிடம் எவ்விடம் என்று கேட்டாலும், ‘ஐ கம் ஃபிறொம் விசுவமடு’ என்று நிகழ்காலத்திலேயே அவன் சொல்லியிருக்கலாம். ஊரைவிட்டு நீங்கியதனால் அந்த வினை இறந்தகாலமாகிவிடாது. நம் இலக்கணம் நீங்கல் என்று பெயரிட்ட பொருளை, அவ்வாக்கியத்தில் ஆங்கிலம் நீங்காமையாக ஆள்கிறது.

ஆயினும் இன்று என்ன காண்கிறோம்? பல்கலைக்கழகத்திலும் கந்தோரிலும் எவ்விடம் என்று கேட்டால், ‘கிளிநொச்சிக்குக் கிட்ட’ என்று மழுப்புகிறோம். சிலர் தாம் ஒரு நாளும் வாழ்ந்திராத பாட்டனின் ஊரைச் சொல்லித் தப்புகின்றனர். வன்னியான் என்ற ஏளனத்துக்கு அஞ்சிய கூச்சம் இது. ஊர்ப்பெயரை விழுங்குபவனுக்கு எந்த இலக்கணமும் உதவாது.

ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்னும் நம் சொற்கள் ஆங்கில உருப்பெற்று அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஃபிறொம் தமிழ்’ என்ற பொருள்படக் குறித்திருக்கிறார்கள். உலகமெங்கும் திரிந்த சொல்லுக்கும் பிறந்த இடத்தை மறைக்காமல் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். சொல்லுக்கு உள்ள அந்த மதிப்பு நம் பிள்ளைகளுக்கும் வேண்டாமா?

ஆகவே நமது சங்கத்து வாலிபருக்கு ஒரு வேண்டுகோள். மாலை வகுப்புக்கு வரும் சிறுவருக்கு முதற் பாடமாக இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுங்கள். ‘ஐ கம் ஃபிறொம் விசுவமடு.’ ‘கமிங்’ வேண்டாம், ‘நியர்’ வேண்டாம். தலையை நிமிர்த்தி, ஊர்ப்பெயரை முழுதாக உச்சரிக்கப் பழக்குங்கள். மற்றைய இலக்கணம் பின்னால் தானே வரும்.