அநுக்ஞையும் அலைபேசிக் கோபுரமும்
(சொற்பொழிவு)



கும்பாபிஷேகத்தின் தொடக்கக் கிரியை யாது என்பதை இங்குக் குழுமியுள்ள பெருமக்கள் நன்கு அறிவர். யாகசாலையில் அக்கினி வளர்வதற்கும், விமானத்தின்மீது புனித நீர் சொரிவதற்கும் முன்னரே ஆசாரியர் அநுக்ஞை செய்கின்றார். அநுக்ஞையாவது உத்தரவு பெறுதல். ஆண்டவன் திருமுன்னும் ஆன்றோர் முன்னும் நின்று, “இப்பணியைத் தொடங்கலாமா?” என்று பணிவுடன் கேட்டல். அதன்பின் மிருத்சங்கிரகணத்துக்காக ஒரு பிடி மண்ணை எடுக்கும்போதும் பூமிதேவியின் இசைவு வேண்டப்படுகிறது. இறைவனுக்குரிய பணியே ஆயினும் கேளாமல் செய்தல் ஆகாது என்பது ஆகம மரபின் உள்ளக்கிடக்கை.

இவ்வுண்மை ஆலயத்துக்குள் மட்டும் அடங்கிவிடுவதன்று. ஆலயத்தின் அயலிலே எழும் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் இது பொருந்தும். இக்காலத்தில் கோபுரம் என்னும் பெயரை இரவலாகப் பெற்று, ஊர்தோறும் இரும்பினால் ஓங்கி நிற்பது அலைபேசிக் கோபுரம். பழஞ்சின்னங்களின் அருகே அதனை நிறுத்துமுன் பெறவேண்டிய அநுக்ஞை ஒன்று நாட்டுச் சட்டத்திலும் உண்டு. அதனை அறிந்தோர் சிலர், அறியாதோர் பலர்.

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் ஆலயத்தைக் கருதுக. இராசராசனின் தந்தையாகிய சுந்தர சோழன் காலத்தது இக்கற்றளி என்பர். யானை படுத்திருப்பதைப் போன்ற தூங்கானை மாட வடிவில் அமைந்தது அதன் விமானம். கபில முனிவர் இடக்கையில் இலிங்கத்தை ஏந்திப் பூசித்த பிழையால் பசுவாகப் பிறந்தார். மண்ணுள் மறைந்திருந்த இலிங்கத்தின்மீது நாள்தோறும் பால் சொரிந்தார். காரணம் அறியாதவன் பசுவை அடித்தான். அப்போது இறைவன் வெளிப்பட்டான் என்பது தலபுராணம். காலடியில் இருப்பது இன்னதென்று அறியாமல் ஓங்கப்பட்ட கோலின் கதை அது. இக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆதலின் இதனைச் சூழ்ந்த நிலத்துக்கும் தனிச் சட்டம் உண்டு.

அச்சட்டம் 1958ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற தொன்மைச் சின்னங்கள் சட்டம். 1992 ஜூன் 16ஆம் நாள் அறிவிக்கை ஒன்றால் பாதுகாப்பு எல்லைகள் வகுக்கப்பட்டன. 2010இல் செய்த திருத்தம் அவற்றை வலுப்படுத்தியது. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையினின்று எத்திசையிலும் 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே முன் அனுமதி பெற்றே கட்டவேண்டும். அளவு விமானத்தினின்று தொடங்குவதன்று. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையினின்று தொடங்குவது. பலர் பிழைபடுவது இவ்விடத்திலேதான்.

கட்டுமானம் எனின் வீடு மட்டும் அன்று. எழுப்பப்படும் எந்த அமைப்பும் அச்சொல்லுள் அடங்கும். இருக்கும் கட்டிடத்தை மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நீட்டுவதும் அடங்கும். ஆகவே, தரையில் நாட்டும் இரும்புக் கோபுரமாயினும், மாடிமேல் நிறுத்தும் கம்பமாயினும் கேள்வி எழவே செய்யும். விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரியிடம் செல்லும். அவர் அதனை 15 நாட்களுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்புவார். அக்கட்டுமானத்தால் சின்னத்துக்கு நேரும் விளைவை ஆராய்ந்து ஆணையம் தன் கருத்தைத் தெரிவிக்கும். அதன்மேலேயே அனுமதியோ மறுப்போ பிறக்கும். அனுமதியின்றிக் கட்டுவோர்க்கு இரண்டாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும், அல்லது இரண்டும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

“விண்ணில் நிற்கும் கம்பத்தால் மண்ணுக்கு என்ன கேடு?” என்று சிலர் வினவலாம். உயர்ந்து நிற்கும் எதுவும் ஆழ ஊன்றியே நிற்கவேண்டும். பல்லாவரத்தை நினைத்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். 1863 மே 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் அங்குச் சரளைக்கற்களிடையே பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு வாயில் திறந்த கல் அது. அதே வட்டாரத்தில் 1880களில் அலெக்சாண்டர் ரீ என்பார் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டார். மண்வெட்டி ஒருமுறை வீசப்படும் நேரத்தில் ஈராயிரம் ஆண்டுச் செய்தி சிதைந்துபோகும். சிதைந்தபின் எந்த அபராதமும் அதனை மீட்டுத் தராது.

ஆயினும் மறுபக்கத்தையும் கூறாது விடுதல் அறமாகாது. பல்லாவரத்தில் ஈமச்சின்னங்கள் மண்ணுக்குள் உள்ளன. அவற்றின் அருகே குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டைக் கட்டவும் விரிக்கவும் அனுமதி நாடி அம்மக்கள் நெடுங்காலம் அலைந்துள்ளனர். கண்ணுக்குப் புலப்படாத ஒன்றுக்காகத் தம் வாழ்வு முடங்குகிறதே என்ற அவர்தம் மனத்தாங்கல் புறக்கணிக்கத்தக்கதன்று. அலைபேசியும் ஆடம்பரப் பொருள் அன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. அலைபேசித் தொடர்பு அற்றுப்போன அந்நாளில், உற்றார் உயிரோடு இருக்கின்றாரா என்று அறியாமல் கலங்கினோர் பலர். அவர்கள்முன் கோபுரமே வேண்டாம் என்று எவரும் சொல்லத் துணியார். கோபுரம் வேண்டும், அது நிற்கத் தக்க இடம் எது என்பதை நிறுத்துமுன் ஆராய்தலும் வேண்டும்.

பிறநாட்டு வழக்கையும் ஒப்புநோக்குதல் நலம். அமெரிக்க நாட்டில் 1966ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அலைபேசிக் கோபுரங்கள் ஆராயப்படுகின்றன. 2004இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 200 அடிக்கு உட்பட்ட கோபுரமாயின் அரை மைல் சுற்றளவிலும், 400 அடிக்கு மேற்பட்டதாயின் ஒன்றரை மைல் சுற்றளவிலும் உள்ள பழஞ்சின்னங்களின் தோற்றத்துக்கு ஊறு நேருமா என்று பார்க்கவேண்டும். தொல்குடி மக்களின் கருத்தும் கேட்கப்படுகிறது. சிறிய அலைக்கம்பங்களுக்கு இவ்விசாரணை வேண்டாமென 2018இல் அங்குள்ள ஆணையம் விலக்களித்தது; 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கைத் தள்ளுபடி செய்தது.

இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை சிந்திக்கத்தக்கது. அந்நாட்டு முறை உயரத்தைக் கொண்டு பார்வையை அளக்கிறது. இந்நாட்டு எல்லையோ உயரம் எதுவாயினும் 300 மீட்டரோடு நின்றுவிடுகிறது. 310ஆவது மீட்டரில் எழும் கம்பம் விமானத்தின் பின்னே வானைக் கிழித்து நின்றாலும், இவ்வெல்லைக்குள் அது வாராது. மேலும், மத்தியத் தொல்லியல் துறையோ, 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் வழி மாநிலத் துறையோ பாதுகாக்கும் சின்னங்கள் சில நூறே. அறநிலையத் துறையின் கீழுள்ள ஆலயங்களோ நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை. பெரும்பாலான கிராமக் கோயில்களுக்கு இந்த 100 மீட்டர் வேலியும் இல்லை. அவற்றுக்கு ஊராரின் விழிப்பே வேலி.

ஆதலின், குடமுழுக்குக் கண்ட ஒவ்வோர் ஊரின் அன்பர்களும் செய்யத்தக்க பணிகள் சில உண்டு. தம் கோயில் பாதுகாக்கப்பட்ட சின்னமா என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளலாம். ஆயின், அதன் நில எல்லையையும் புல எண்ணையும் குறித்து வைக்கலாம். கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் படமெடுத்துப் பதிவு செய்யலாம். அருகே கோபுரம் எழப்போவதாகச் செய்தி வந்தால் வேலை தொடங்கிய பிறகு பூசலிடுவதை விடுத்து, அனுமதி பெறப்பட்டதா என்று மாநகராட்சியிடமும் தொல்லியல் துறையிடமும் முன்னரே எழுதிக் கேட்கலாம். மாதவாடகை கருதித் தம் மாடியைக் கொடுக்க முன்வருவோர்க்கு, கைச்சாத்திடுமுன் இச்சட்டத்தை எடுத்துரைக்கலாம். சிறைத்தண்டனையின் அச்சத்தினும் அயலாரின் நல்லுரை பயன் தருவது.

மாடம்பாக்கத்துப் பசுவை அடித்தவன் தீயவன் அல்லன், அறியாதவன். கோலை ஓங்குமுன் ஒருகணம் நின்று, “இப்பசு இங்கே பால் சொரிவது ஏன்?” என்று அவன் கேட்டிருந்தால் போதும். அந்த ஒருகணமே அநுக்ஞை. பழமைக்கும் புதுமைக்கும் இடையே அத்தகைய ஒருகணத்தைச் சட்டம் வகுத்துத் தந்திருக்கிறது. அதனைத் தடையென்று வெறுக்காமலும், வெறும் தாளென்று தள்ளாமலும் போற்றும் ஊரில், தெய்வத்தின் கோபுரமும் நிலைக்கும். மக்களின் குரலும் தடையின்றிச் செல்லும்.

வாழ்க ஆலயங்கள்! வளர்க நல்லறம்!