பழைய மோட்டார் சைக்கிளும் பயின்ற கையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். இசை பாட வல்லாரும் உளர். எனக்கு இட்ட பணி வேறு. இவ்வாண்டு நம் காலனியில் இரண்டு மூன்று வீட்டு முற்றங்களில் பழைய மோட்டார் சைக்கிள்கள் அக்கக்காகப் பிரிக்கப்பட்டுக் கிடந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றைக் 'கஃபே ரேசர்' என்னும் வண்டியாக மாற்றப் போவதாகப் பிள்ளைகள் கூறினர். பெற்றோருள் சிலர் அஞ்சினர், சிலர் கடிந்தனர். "இது கல்விக்கு உதவுமா, உயிருக்கு உலை வைக்குமா? நீங்களே விழாவில் சொல்லிவிடுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆதலின் அதனைப் பற்றியே பேச வந்துள்ளேன்.

முதற்கண் பெயரை விளக்கிவிடுகிறேன். கஃபே என்பது காபியும் தேநீரும் விற்கும் கடை. ரேசர் என்பது பந்தய வண்டி. இலண்டன் மாநகரைச் சுற்றிச் செல்லும் வடக்கு வட்டச் சாலையில் 1938-ஆம் ஆண்டு 'ஏஸ் கஃபே' என்னும் கடை தோன்றிற்று. போரில் குண்டு வீச்சுக்கு இரையாகி, 1949-இல் மீண்டும் எழுந்தது. போருக்குப் பின் கையில் சிறிது கூலி புழங்கத் தொடங்கிய தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே கூடினர். பந்தய வண்டி வாங்கப் பணம் இல்லை. வேலைக்குச் செல்லும் வண்டி ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்து வேண்டாத பாரத்தைக் கழற்றினர். ஹேண்டில் பாரைத் தாழ்த்தினர். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினர். பின்புறம் திமில் போல் எழுந்த ஒற்றை இருக்கையைப் பொருத்தினர். நார்ட்டன் வண்டியின் சட்டத்தில் டிரையம்ப் எஞ்சினை ஏற்றி, இரண்டு பெயரையும் கலந்து 'டிரைட்டன்' என்று பெயரும் சூட்டினர். தேநீர் விற்ற கடையில் வளர்ந்த வண்டியாதலின், மூன்று தலைமுறையாகக் கொழுந்தெடுத்து வாழ்ந்த குடும்பங்களாகிய நமக்கு அதனோடு ஓர் உறவு உண்டென்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அவ்விளைஞர்களின் ஆசை, மணிக்கு 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுவது. அந்த ஆசைக்குப் பலியான உயிர்கள் உண்டு. நாளேடுகள் அவர்களைத் தூற்றின. அந்த நிலையில் பில் ஷெர்கோல்டு என்னும் பாதிரியார் அவர்களைத் தேடி அந்தக் கடைக்கே சென்று, தம் கோயிலுக்கு வருமாறு அழைத்தார். 1962-இல் 'ஐம்பத்தொன்பது கிளப்' என்னும் இளைஞர் மன்றத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். ஊரார் வெறுத்த பிள்ளைகளுக்கு உட்கார ஓர் இடமும், கேட்க ஒரு பெரியவரும் கிடைத்தனர். இச்செய்தியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவேன்.

இது கடல் கடந்த கதை என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தது. 1956-இல் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அங்கிருந்து பகுதிகளாக வந்த புல்லட் வண்டிகளை நம்மவர் பூட்டினர். அவ்வாண்டின் இறுதிக்குள் 163 வண்டிகள் உருவாயின. 1964-இல் அந்த ஆங்கிலக் கம்பெனியே 'காண்டினென்டல் ஜீ.டி.' என்னும் பெயரில் கஃபே ரேசர் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1970-இல் இங்கிலாந்தில் அக்கம்பெனியின் உற்பத்தி நின்றது. தாய்வீட்டு அடுப்பு அணைந்தது; திருவொற்றியூரில் மகள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அக்காண்டினென்டல் பெயரை 2013-இல் 535 சி.சி. வண்டிக்கும், 2018-இல் 650 சி.சி. வண்டிக்கும் மீண்டும் சூட்டியவர்கள் இங்குள்ளவர்களே.

இனி, நம் எல்லைக்கு அருகில் வருகிறேன். கோவை மாவட்டத்துக் கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் ஒரு சிறுவன் பிறந்தான். பள்ளிப் படிப்பில் மனம் செல்லவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்கு ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டான். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடும் வண்டி அவன் உறக்கத்தைப் பறித்தது. கோவைக்குச் சென்று, ஓட்டலில் பரிமாறுபவனாக வேலை பார்த்து, காசு சேர்த்து, முந்நூறு ரூபாய்க்கு அவ்வண்டியை வாங்கினான். வாங்கியவுடன் ஊர் சுற்றப் போனானா? இல்லை. கழற்றினான், பூட்டினான், மீண்டும் கழற்றினான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் ஜி. டி. நாயுடு என்று உலகறிந்த அறிஞர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஒரு பஸ் விட்டார். அது யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாகத் தழைத்தது. 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் தொழிற்கல்லூரி தோன்றவும் காரணமாயினார். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி நமக்கு எட்டிய தூரந்தான். இத்தனைக்கும் வித்து, வீட்டில் பிரித்துப் போட்ட ஒரு பழைய மோட்டார் சைக்கிள்! முற்றத்தில் எண்ணெய்க் கறை படிந்துவிட்டதே என்று வருந்தும் தாய்மார்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயின், கழற்றுவது எளிது, பூட்டுவதே கல்வி. வண்டியைத் தொடுமுன் அதன் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளபடியே வண்டியிலும் இருக்கின்றனவா என்று ஒத்துப் பாருங்கள். ஒவ்வாத வண்டி இனாமாகக் கிடைத்தாலும் வேண்டா. பின்னர் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, எதை எதன் பின் கழற்றினோம் என்று எழுதுங்கள். நட்டும் போல்ட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும். டப்பாவின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள். சட்டத்தை மண்ணெண்ணெயில் கழுவி, பற்றவைத்த இடங்களில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பகல் வெளிச்சத்தில் நோக்குங்கள். சாயம் அடிப்பது அனைத்திற்கும் கடைசி வேலை. பிள்ளைகள் பலர் அதனை முதலில் செய்துவிடுகின்றனர். மினுமினுக்கும் சாயத்தின் கீழே வெடிப்பு மறைந்து கிடக்கிறது.

எஞ்சினைத் திறந்தால் அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. பழைய புல்லட் 350-இன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் ஆரத்தைத் தன்னாலேயே பெருக்கி, 22-ஆல் பெருக்கி, 7-ஆல் வகுத்து, உயரமாகிய 9-ஆல் பெருக்குங்கள். விடை 346½ கன சென்டிமீட்டர். வண்டியின் பதிவில் 346 சி.சி. என்று எழுதியிருப்பது இதுவே. உருளையின் கன அளவைக் கரும்பலகையில் கண்டு அஞ்சிய மாணவன், சிலிண்டரைக் கையில் ஏந்தியபின் அதனை மறப்பதில்லை. தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடும்பொழுது, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு கூறு எவ்வளவு பெரிய அளவு என்பதும் அவனுக்குப் புலனாகிறது.

இனி, மாற்றங்களில் மறைந்துள்ள இடர்களைச் சொல்ல வேண்டும். ஹேண்டில் பாரைத் தாழ்த்தினால் பழைய கேபிள்கள் நீளமாகிச் சுருண்டுகொள்ளும். கிளட்சும் பிரேக்கும் இறுகும். முழுவதும் திருப்பும்போது பெட்ரோல் டாங்கியில் கைவிரல் நசுங்கும். கால்மிதியைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக் மிதியின் நெம்புகோல் அளவு மாறும். மிதித்த பலம் சக்கரத்தைச் சென்று சேராது. ஒற்றை இருக்கைக்காகச் சட்டத்தின் வாலை அறுப்போர் உண்டு. அது வண்டியின் முதுகெலும்பையே அறுப்பதாகும்.

இலண்டனின் சாலை சமநிலம். நம்முடையதோ மலை. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் வழியில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தாழ்ந்த ஹேண்டில் பாரில் இறக்கத்தில் வந்தால் உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். டிரம் பிரேக்கை ஓயாது பிடித்து வந்தால் சூடேறிப் பிடிப்பு மங்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்குக என்று லாரி ஓட்டும் நம் பெரியவர்கள் சொல்வது இதனாலேயே. மேலும், மூணாற்றின் உயரம் ஏறத்தாழ 1500 மீட்டர். அங்கே காற்றின் செறிவு கடல் மட்டத்தைக் காட்டிலும் ஏழில் ஒரு பங்கு குறைவு. பாலக்காட்டுச் சமவெளியில் திருத்திய கார்புரேட்டர் மலைமேல் பெட்ரோலை மிகுதியாக ஊட்டிக் கரும்புகை கக்கும். ஜெட்டை மாற்றியே தீர வேண்டும். ஆதலின், பிறர் செய்த வண்டியின் படத்தை அப்படியே பார்த்துச் செய்வது நமக்குப் பொருந்தாது.

சட்டத்தையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களினின்று பதிவுப் புத்தக விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனையே வலியுறுத்திற்று. அவ்வாண்டே திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே சட்டகமும், எஞ்சினும், சைலன்சரும், விளக்குகளும், இருவர் அமரும் இருக்கையும் கம்பெனி தந்தபடியே இருக்கட்டும். மாற்ற விரும்புவது எதுவாயினும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே எழுதிக் கேட்டு, எழுத்தில் விடை பெறுங்கள். வண்டியின் நிறத்தை மாற்றினாலும் பதிவில் ஏற்ற வேண்டும். அழகு கருதிப் பலர் முதலில் கழற்றி எறிவது, பின்சக்கரத்தருகே இருக்கும் சாரிகார்டு. பின்னால் அமர்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி, அச்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. தம்பிகளே! அதில் அமரப் போவது உங்கள் அன்னையும் தங்கையுந்தான்.

அப்படியானால் கஃபே ரேசர் செய்யவே கூடாதா என்று இளைஞர்கள் கேட்பீர்கள். சாலைக்குரிய வண்டியைப் புதியது போல் புதுப்பியுங்கள். பிஸ்டன் முதல் வயரிங் வரை உங்கள் கையாலேயே செய்யுங்கள். அதன் வேகத்தை எவரும் மறந்துவிடுவர். அதனைச் செய்து கற்ற கை உங்களை விட்டு என்றும் போகாது.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டுப் பகுதியில் தேயிலைத் தோட்டங்கள் பல மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். வேலை போனால் லயத்து வீடும் நிலையில்லை. நிலம் இல்லாத குடும்பம் தோளில் சுமந்து செல்லக்கூடிய சொத்து ஒன்றே ஒன்று, அது தொழில். ஒரு மெக்கானிக்குக்குத் தேனியும் ஒன்றே, கட்டப்பனையும் ஒன்றே, கஞ்சிக்கோடும் ஒன்றே. தமிழில் பேசினாலும் மலையாளத்தில் பேசினாலும், நன்றாகப் பூட்டிய எஞ்சின் ஒரே மொழியில்தான் விடை சொல்லும். ஆயுத பூசையன்று ஸ்பேனருக்கும் சந்தனம் இடுகிற நாம், மறுநாள் அதனைப் பிடித்த பிள்ளையின் கையை இழிவாக நோக்குதல் முறையன்று.

ஆதலின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முற்றத்தில் கிடக்கும் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எழுதி இருந்தால் அவன் கற்கிறான். எழுதாதிருந்தால் எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் அருகில் நின்று பார்த்தால், அவர்கள் கையிலும் ஒரு ஸ்பேனரைக் கொடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பாதிரியார் பிள்ளைகளைத் தேடித் தேநீர்க் கடைக்குச் சென்றார் என்றேன். நமக்கு அத்தொல்லையும் இல்லை; பிள்ளைகள் இதோ முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நம் மன்றத்தின் பின்புறம் நாற்காலி அடுக்கியிருக்கும் அறையை ஒழித்துக் கொடுங்கள். ஒரு வலிய மேசை, ஒரு பெஞ்ச் வைஸ், ஒரு செட் ஸ்பேனர், தீயணைக்க மணல் வாளி, ஒரு மருந்துப் பெட்டி போதும். பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் அவர்கள் அங்கே அமரட்டும். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பழைய வண்டி ஒரே உதையில் உயிர்பெற்று இம்மேடையின் முன் நிற்குமாயின், அதுவே நம் மக்களுக்கு நாம் அளிக்கும் சிறந்த பரிசாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!