பொன் கைக்கடிகாரம்: எடையும் மதிப்பும்

பாட்டனார் அணிந்திருந்த பொன் கைக்கடிகாரம் ஒன்று பெட்டியின் அடியில் கிடக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுவதில்லை. வீட்டில் பெண்ணின் திருமணம் நெருங்குகிறது. தங்கத்தின் விலையோ ஏறி நிற்கிறது. வீட்டார் அதனை நகைக்கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். கடைக்காரர் மூடியைக் கழற்றுகிறார். உள்ளிருக்கும் இயந்திரத்தை ஒரு புறம் ஒதுக்கிவிட்டுக் கூட்டை மட்டும் தராசில் இடுகிறார். எடைக்குரிய பணம் கைக்கு வருகிறது. இந்த வாணிகத்தில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும், அப்பொன்னின் விலையைப்போல் பன்மடங்கு மதிப்புடைய ஒரு பொருள் அன்று அழிந்து போயிருக்கக்கூடும். அத்தகைய பொருளை எவ்வாறு அறிவது, எவ்வாறு காப்பது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

கைக்கடிகாரங்களுள் விருந்துக்கும் விழாவுக்கும் அணிவதற்கென்றே செய்யப்பட்டவை ஒரு தனி இனமாகும். சட்டைக் கையின் விளிம்புக்குள் அடங்கும் மெல்லிய உடல், மிகையான உறுப்புகள் இல்லாத முகப்பு, தோல் பட்டை ஆகியவை அதன் இலக்கணங்கள். இவ்வினத்திற்கு எடுத்துக்காட்டாகச் சேகரிப்போர் பெரிதும் போற்றுவது, ஜெனீவா நகரத்துப் பட்டேக் பிலிப் நிறுவனம் 1932-ஆம் ஆண்டில் வெளியிட்ட 96-ஆம் எண் கடிகாரம். 1839-இல் தோன்றிய அந்நிறுவனம் உலகப் பொருளாதார மந்தத்தால் தளர்வுற்றிருந்தது. அதற்கு முகப்புத் தகடுகள் செய்து கொடுத்துவந்த ஸ்டெர்ன் சகோதரர்களே 1932-இல் அதனை வாங்கினர். இக்கடிகாரமும் அதே ஆண்டில் பிறந்தது. குறுக்களவு ஏறக்குறைய 31 மில்லிமீட்டர். அதாவது பழைய வெள்ளி ரூபாயின் அளவு. பட்டையைத் தாங்கும் காதுகள் ஒட்டவைத்தவைபோல் தோன்றாமல், கூட்டிலிருந்தே வளர்ந்தவைபோல் வளைந்திருக்கும். பின்னாளில் இவ்வகைக்குக் ‘காலட்ராவா’ என்னும் பெயர் நிலைத்தது. அந்நிறுவனம் 1887-இல் பதிவு செய்துகொண்ட சிலுவைச் சின்னத்தின் பெயர் அது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்வெளிய வடிவம் தொடர்ந்து செய்யப்பட்டது.

இத்தகைய கடிகாரங்களுக்கு இரு திசைகளிலிருந்து இடையூறு வந்தது. 1969 டிசம்பர் 25-ஆம் நாள் ஜப்பானில் செய்க்கோ நிறுவனம், படிகக்கல்லின் அதிர்வால் இயங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த முதற் கடிகாரத்தின் கூடும் பொன்னாகவே இருந்தது. விலை மலிந்து அவ்வகை பரவியபோது, சாவி கொடுக்கும் கடிகாரம் பழமைப் பொருளாயிற்று. சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். மறுபுறம் தங்கத்தின் விலை உயர்ந்தது. 1970-இல் ஓர் அவுன்ஸ் நாற்பது டாலரைத் தாண்டாத தங்கம் 1980 ஜனவரியில் எண்ணூறு டாலருக்கு மேல் சென்றது. ஓடும் கருவியாக மதிப்பிழந்த பொருள் உலோகமாக மதிப்பேறியதும் அதன் முடிவு என்னவாயிற்று என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எண்ணற்ற கூடுகள் உலைக்குச் சென்றன. அந்த உலைக்குத் தப்பியவற்றையே இன்று சேகரிப்போர் தேடுகின்றனர்.

முதலில் கூட்டின் உட்புறத்தை நோக்குதல் வேண்டும். சுவிட்சர்லாந்தின் பழைய முத்திரைகளுள் பெண்ணின் தலை வடிவம் 18 காரட்டையும், அணில் வடிவம் 14 காரட்டையும் குறிக்கும். முன்னதில் ஆயிரத்தில் 750 பங்கும், பின்னதில் 585 பங்கும் பொன். 1995 வரை இம்முத்திரைகள் வழக்கில் இருந்தன. ‘மைக்ரான்’ என்ற சொல்லுடன் எண் காணப்பட்டால், அது பொன் முலாம் பூசியது என்று அறிக. மூடியின் எண்ணையும் இயந்திரத்தின் எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் தம் பழைய ஏடுகளோடு அவற்றை ஒப்பிட்டு, செய்த ஆண்டையும் விற்ற ஆண்டையும் தெரிவிக்கின்றன.

இனி, பெரும்பாலோர் நன்மை எனக் கருதிச் செய்யும் தீமைகள் இரண்டு உண்டு. ஒன்று, மெருகேற்றுதல். பொன் மென்மையான உலோகம். ஒவ்வொரு மெருகும் அதன் தோலைச் சிறிது தேய்த்தே பளபளப்பைத் தருகிறது. காதுகளின் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன, முத்திரை மங்குகிறது. இழந்த பொன் மீள்வதில்லை. மற்றொன்று, முகப்பைப் புதுப்பித்தல். பட்டேக் பிலிப்பின் பழைய முகப்புகளில் பெயரெழுத்துகளைத் தகட்டில் செதுக்கி, பள்ளத்தில் எனாமல் நிரப்பிச் சூளையிலிட்டனர். வண்ணம் பூசி அச்சிட்ட எழுத்து அந்த நுட்பத்திற்கு ஈடாகாது. சற்றே பழுப்பேறிய உண்மை முகப்பையே அறிந்தவர் விரும்புவர். புதிதுபோல் வெளுத்த முகப்பைக் கண்டு ஐயுறுவர். கீறலும் பழுப்பும் குற்றமல்ல. அவை அந்தப் பொருள் வாழ்ந்ததற்குச் சான்றுகள்.

எனினும், தொடாமல் விட்டுவிடுவதே காப்பாகாது. இவ்வகை இயந்திரங்களுள் பல நொடிக்கு ஐந்து முறை துடிப்பவை. ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். உலர்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் அச்சுமுனைகள் தேயும். ஆகவே, நெடுநாள் கிடந்த கடிகாரத்தை உடனே சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தல் தகாது. தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து, இயந்திரத்தை மட்டும் துடைத்து எண்ணெயிடச் சொல்லவேண்டும். கூட்டையும் முகப்பையும் தொடவேண்டா என்று முன்னரே கூறிவிடவேண்டும். வியர்வையும் மழையும் இதற்குப் பகை. அணிந்த பின் மெல்லிய துணியால் துடைத்து, ஈரமற்ற இடத்தில் வைப்பது நன்று.

விற்கவே கூடாது என்று நாம் கூறவில்லை. குடும்பத்தின் தேவை பெரிது. விற்க நேர்ந்தால் கடிகாரமாக விற்போம். பொன்னாக விற்க வேண்டா. கூட்டினின்றும் இயந்திரத்தைப் பிரிக்குமுன், கடிகாரம் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டுவோம். அது எளிய கடிகாரம் என்று அவர் சொன்னாலும் நமக்கு இழப்பில்லை. பொன்னின் விலை அப்போதும் நம் கையில் இருக்கும். உருக்கிய பின்னரோ, எவரிடம் கேட்டும் பயனில்லை.