நினைவேடு அமைக்கும் கலை

தமிழகத்தை விட்டுப் பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், பரணின்மீது ஒரு பெட்டி இருப்பது வழக்கம். அது தகரப் பெட்டியாகவும் இருக்கலாம். பிஸ்கோத்து டப்பாவாகவும் இருக்கலாம். அதனுள்ளே மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகைகள், ஓரம் சுருண்ட புகைப்படங்கள், நீல நிற உள்நாட்டுக் கடிதங்கள், என்றோ ஊர் சென்று வந்த இரயில் பயணத்தின் சீட்டுகள், குழந்தையின் முதல் மதிப்பெண் அட்டை முதலியன அடைந்து கிடக்கும். ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொரு குடியிருப்புக்கு மாறும் போதெல்லாம் அந்தப் பெட்டியும் உடன் வரும். ஆனால் திறக்கப்படாமலே வரும். அப்பெட்டியைத் திறந்து, உள்ளிருப்பனவற்றைக் காகிதத்தின்மீது அழகுற அமைத்து ஓர் ஏடாகச் செய்வது எங்ஙனம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

ஆங்கிலத்தில் இதனை ஸ்கிராப் புத்தகம் என்பர். துண்டு, துணுக்கு, கழிவு என்னும் பொருள் தரும் சொல் அது. நம் வீட்டுப் பொருள்களைக் கழிவு என்று சொல்ல மனம் வராமையால் நினைவேடு என்றே நாம் வழங்குவோம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் 1873-ஆம் ஆண்டில், பக்கங்களில் முன்னரே பசை தடவி, ஈரப்படுத்தினால் ஒட்டிக்கொள்ளுமாறு ஓர் ஏட்டை அமைத்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஆயினும் இக்கலை மேல்நாட்டிலிருந்து வந்ததென்று எண்ணிவிட வேண்டா. நாம் வாழும் இந்தத் தில்லி, ஆக்ரா மண்ணிலேயே முகலாய மன்னர்கள் முரக்கா என்னும் ஏடுகளைத் தொகுத்தனர். ஓவியங்களையும் அழகிய கையெழுத்துப் பக்கங்களையும் வெட்டி ஒட்டி, சுற்றிலும் பொன்வண்ணக் கரையிட்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் ஓவியம் ஓவியத்தை நோக்கவும் எழுத்து எழுத்தை நோக்கவும் அமைத்தார்கள். ஜஹாங்கீர் தொகுப்பித்த குல்ஷன் ஏட்டில் ஐரோப்பிய அச்சுப் படங்களும் ஒட்டப்பட்டுள்ளன. அவ்வேட்டின் பெரும்பகுதி இன்று தெஹ்ரானில் இருக்கிறது. இளவரசர் தாரா ஷிகோ தம் மனைவி நாதிரா பானுவுக்கு அளித்த ஏடு லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. முரக்கா என்னும் சொல்லுக்கே ஒட்டுப்போட்டது என்றுதான் பொருள். துறவியர் அணிந்த ஒட்டுத் துணி அங்கியிலிருந்து வந்த பெயர் அது. மன்னர் செய்தால் முரக்கா, மனைவியர் செய்தால் பொழுதுபோக்கு என்று நகைப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

ஏட்டுக்கு முதலில் வேண்டுவது காகிதம். இதில் சிக்கனம் பார்த்தால் பின்னர் வருந்த நேரும். மரக்கூழினின்று செய்யும் மலிவான காகிதத்தில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சி நிற்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பேறும். அக்காகிதத்தில் ஊறும் அமிலம் அடுத்திருக்கும் படத்தையும் கெடுக்கும். செய்தித்தாள் துண்டு சில ஆண்டுகளில் மஞ்சளாகி உதிர்வது இதனால்தான். ஆகவே செய்தித்தாள் துண்டை அப்படியே ஒட்டாமல், நல்ல தாளில் நகல் எடுத்து ஒட்டுவதே சரி. கடைகளில் பணம் செலுத்தியதும் தரும் வழவழப்பான சீட்டுகளும் அவ்வாறே. வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் தாள்கள் அவை, விரைவில் வெறுந்தாள் ஆகிவிடும்.

அமிலமற்ற காகிதம் என்று கேட்டு வாங்குவது ஒரு வழி. கந்தைப் பருத்தியிலிருந்து செய்யும் கைக்காகிதம் மற்றொரு வழி. ஜெய்ப்பூருக்கு அருகில் சாங்கானேரில் காகஜி என்னும் மரபினர் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். பின்னலாடைகளின் வெட்டுத் துண்டுகளை நறுக்கி, நீரில் இடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளி, அழுத்தி, உலர்த்திச் செய்யப்படும் அக்காகிதம் துணியைப் போலவே வலிமையுடையது. காந்தியடிகள் ஆதரவில் 1934-இல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமத் தொழிற் சங்கம் கைக்காகிதத்தை மீண்டும் எடுத்து நிறுத்தப் பாடுபட்டது. அச்சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா என்பதை நினைக்கும்போது, அக்காகிதம் நமக்கு முற்றிலும் அயலானதன்று எனத் தோன்றுகிறது. தில்லியில் இருப்போர் சாவ்டி பஜாரின் காகிதக் கடைகளில் இதனைப் பெறலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ஆழ்ந்த சாயமேற்றிய தாளும், பூவிதழ் பதித்த தாளும் பார்வைக்கு இனியன, ஆனால் ஈரம் பட்டால் சாயம் ஊறும், இதழ் கறைபடும். அவற்றைக் கரையாகவும் முகப்பாகவும் கொள்ளலாமே தவிர, படத்தின் அடியில் வைத்தல் கூடாது.

அடுத்தது பசை. சிறு வயதில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்துப் பட்டம் ஒட்டியவர்கள்தாமே நாம்! பழமை பேணும் நூலகங்களில் இன்றும் பயன்படுத்துவது கோதுமை மாப்பொருளில் காய்ச்சிய பசையே. அதை ஆக்கும் வழி நம் பெண்டிருக்குத் தெரியாததன்று. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பால் எடுக்கிறோம் அல்லவா? அந்தப் பாலைத் தெளியவிட்டால் அடியில் வெண்மையாகப் படிவதுதான் பசைக்குரிய பொருள். அதில் சிறிது எடுத்து நீர் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறி, கண்ணாடி போல் ஆனதும் இறக்கி, ஆறியபின் வடிகட்டிக் கொள்ளலாம். சிறிது சிறிதாகவே காய்ச்ச வேண்டும். ஓரிரு நாளில் புளித்துவிடும். புத்தகம் கட்டுவோர் பூச்சி வராதிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, அன்றியும் அதிலுள்ள செம்பு காலப்போக்கில் காகிதத்தையே நலிவிக்கும். நமக்கு அது வேண்டா.

பசை தாளோடு தாளை ஒட்டுவதற்கு மட்டுமே. புகைப்படத்தை ஒருபோதும் ஒட்டலாகாது. மூலைப் பைகளில் செருக வேண்டும். அரை அங்குல அகலமும் இரண்டு அங்குல நீளமும் கொண்ட தாள் துண்டின் இரு முனைகளையும் நடுவே சேருமாறு கீழ்நோக்கி மடித்தால் முக்கோணப் பை கிடைக்கும். நான்கு பைகளைப் படத்தின் நான்கு மூலைகளிலும் மாட்டி, பைகளின் பின்புறத்தில் மட்டும் பசையிட்டுப் பதித்தால், எப்போது வேண்டுமாயினும் படத்தை எடுத்துப் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாயார் கடைசியாக எழுதிய உள்நாட்டுக் கடிதம் ஒன்றை, கிழிந்துவிடுமே என்னும் அச்சத்தால், கண்ணாடி போன்ற ஒட்டு நாடாவை மேலே ஒட்டி வைத்தோம். அன்று அது பெரிய பத்திரம் என்றே எண்ணினோம். பல ஆண்டுகள் கழித்துப் பிரித்துப் பார்த்தபோது நாடா உலர்ந்து தானே கழன்று வந்தது. அதன் பசையோ காகிதத்தில் ஊறிப் பழுப்பு நிறக் கோடாக நின்றது. அந்தக் கோட்டின் கீழிருந்த நான்கு வரிகளில் மை கரைந்து பரவியிருந்தது. தில்லிக் குளிருக்கு ரஜாய் வாங்கியாயிற்றா என்று கேட்கும் வரிக்கு அடுத்தவை அந்த நான்கும். எவ்வளவு முயன்றும் அவற்றில் என்ன எழுதியிருந்தார் என்பது எங்கள் நினைவுக்கு வரவில்லை. கடையில் ஒட்டு நாடாவைக் காணும்போதெல்லாம் இன்றும் மனம் கசக்கிறது.

இனி, பக்கத்தை அமைக்கும் முறைக்கு வருவோம். பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள் இதற்கு வசதியானது. நம்மவர்க்கு இதில் ஒரு பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: கோலம். புள்ளி வைத்த பின்னன்றோ கோடிழுக்கிறோம்? அதுபோலவே, முதலில் ஒன்றையும் ஒட்டாமல், தாளின்மீது எல்லாவற்றையும் பரப்பி, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்க்க வேண்டும். மனத்துக்குப் பிடித்த அமைப்பு வாய்த்ததும், ஒவ்வொன்றின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு படமே தலைவனாயிருத்தல் நன்று, ஏனையவை சுற்றம். அத்தலைவனை நட்ட நடுவே நிறுத்துவதைக் காட்டிலும் சற்று ஒதுக்கி வைத்தால் பக்கத்துக்கு உயிர் வரும். படத்தில் உள்ளவர் பார்வை ஏட்டின் உட்புறம் நோக்கியதாயிருக்கட்டும். வெளிப்புறம் நோக்கினால், விருந்துக்கு வந்தவர் வாயிலையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருக்கும். படத்தின் பின்னே கால் அங்குலம் தெரியுமாறு வேறு வண்ணத் தாள் ஒன்றை வைத்தால் புடவைக்குக் கரை அமைந்தது போலாகும். வண்ணம் மூன்றுக்கு மேல் வேண்டா. வெற்றிடம் வீண் என்று நினைத்து நிரப்புவோர் பலர். நம் கண்ணில் படும் ஏடுகளில் பெரும்பாலானவை அலங்காரம் மிகுந்தே கெட்டிருக்கின்றன.

முத்திரைகள் இருவகை. முதலாவது அஞ்சல் தலை. உறையிலிருந்து அதனைப் பிய்த்தெடுக்காமல், நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் தானே பிரியும். மை உறிஞ்சும் தாளில் கவிழ்த்து உலர்த்தலாம். எனினும் நினைவேட்டுக்கு அதைப் பிரிக்காமலிருப்பதே சிறப்பு என்பது எங்கள் கருத்து. அஞ்சல் தலையின்மேல் விழுந்த வட்ட முத்திரையில் ஊர்ப் பெயரும் தேதியும் உள்ளனவே. கும்பகோணத்திலிருந்து புறப்பட்ட கடிதம் என்பதற்கு அதனினும் நல்ல சான்று ஏது? ஊர்ப் பெயர் முழுதும் தெரியுமாறு உறையின் அப்பகுதியை வெட்டி வைக்கலாம். 1947 நவம்பர் 21-ஆம் நாள் ஜெய் ஹிந்த் என்னும் சொற்களுடன் வெளிவந்த கொடி அஞ்சல் தலை, 1960-இல் வெளிவந்த திருவள்ளுவர், பாரதியார் அஞ்சல் தலைகள் போன்றவை பாட்டனார் காலத்து உறைகளில் தென்பட்டால், அவற்றின்மேல் பசையோ கத்தரியோ படாமல் தனி உறையிலிட்டு வையுங்கள்.

இரண்டாவது, நாமே செய்யும் அச்சு. சாங்கானேரிலும் பக்ருவிலும் துணிக்கு அச்சிடுவோர் பயன்படுத்தும் மர அச்சுகள் கிடைத்தால் நன்று. கிடைக்காவிடில், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்துப் பள்ளியில் பூப்பூவாகப் பதித்தோமே, அதுவே போதும். சற்று நிலைத்த அச்சு வேண்டுவோர் ரப்பர் துண்டில் மாங்காய், மயில் முதலியவற்றைச் செதுக்கிக் கொள்ளலாம். எழுத்தைச் செதுக்கும்போது மட்டும் அதனைக் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நாங்கள் முதன்முதல் செதுக்கிய ‘அ’ தலைகீழ் ஞானமாகத்தான் முடிந்தது. நிறமியால் ஆன மை வெளுக்காது. சாய மை வெளுக்கும்.

அலங்காரப் பொருள்களுக்குச் சாந்தினி சௌக்கில் கினாரி பஜார் இருக்கிறது; சரிகை, குஞ்சம், மணி எல்லாம் குவிந்திருக்கும். ஆயினும் வீட்டிலே நைந்துபோன கூறைப் புடவையின் கரையில் ஒரு விரல் அகலம் அதனினும் மேலானது. வெள்ளிச் சரிகை நாளடைவில் கறுக்கும். அதனைப் படத்தின்மேல் படாமல், பாலியெஸ்டர் உறையுள் இடுக. பி.வி.சி. உறைகள் ஆகா, அவை நாளடைவில் அமிலம் கக்கும். மஞ்சள் தடவிய பத்திரிகை வெளிச்சத்தில் வெளுக்கும். குங்குமம் எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். பொத்தானும் மணியும் எதிரிலுள்ள படத்தில் தடம் பதிக்கும். இடையே ஒரு மெல்லிய தாள் வைத்தால் இவ்விடர்கள் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் இருப்பவர் யார் என்று எழுதி வையுங்கள். பெயர், உறவு, ஊர், ஆண்டு. புகைப்படத்தின் பின்னே எழுதுவதாயின் மென்மையான பென்சிலே உரியது. பந்துமுனைப் பேனா முன்புறத்தில் வடுவாகப் புடைக்கும். இங்கே பிறந்து வளரும் நம் மக்களுக்குச் சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தை என்னும் உறவுகள் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோதான் விளங்குகின்றன. தமிழில் ஒரு வரியும், அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு வரியும் எழுதுவதில் குற்றமில்லை. ஆனால் உறவுப் பெயரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டா. அம்மாஞ்சியை வேறெந்தச் சொல்லாலும் அழைக்க இயலாது.

உள்நாட்டுக் கடிதத்தில் உட்புறமும் வெளிப்புறமும் எழுத்து இருக்கும். அதன் ஓரத்தில் மெல்லிய தாள் பட்டை ஒன்றை ஒட்டி, அப்பட்டையை ஏட்டில் ஒட்டினால், கதவு போலத் திறந்து இருபுறமும் படிக்கலாம். எங்கள் தாயாரின் கடிதத்தை அவ்வாறே அமைத்தவள் எங்கள் மகள். தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பவள் அவள். கடிதத்தின் பக்கத்தில் வரிக்கு வரி தன் கையால் பெயர்த்து எழுதினாள். ரஜாய் என்னும் சொல்லைக் கண்டதும், பாட்டிக்கு ஹிந்தி தெரியுமா என்று வியந்தாள். நாடாவால் அழிந்த இடம் வந்தபோது, அங்கே என்ன எழுதுவது என்று கேட்டாள். நாங்கள் விடை கூறவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நான்கு வரி அளவுக்கு இடம் விட்டு, ஐந்தாம் வரியிலிருந்து எழுதத் தொடங்கினாள்.