நவிரமலை வழியும் மிதிவண்டிப் பயணமும்



வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கிக் கொண்ட மொழி தமிழ். பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளில் காட்டும் வழி, கலசப்பாக்கத்தார்க்கு அயலான வழி அன்று. நன்னன் சேய் நன்னனை நாடிக் கூத்தர் செல்லும் வழி அது. அவன் ஆண்ட செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறே சவ்வாது மலையில் தோன்றிக் கலசப்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் செய்யாறு. காரியுண்டிக் கடவுள் உறையும் நவிரமலையைப் பர்வதமலை என்பர் அறிஞர்.

இன்று கலசப்பாக்கத்தில் மிதிவண்டி ஏறி, மேல்சோழங்குப்பத்தை அடுத்த மிருகண்டா அணைக்குச் செல்வோர்க்கு மலையேறும் தொல்லை இல்லை. வயல், கரும்புக் கொல்லை, மலையடிவாரம், முடிவில் நீர்ப்பரப்பு. பெருங்கௌசிகனாரின் கூத்தர்க்கு வாய்த்த வழி இத்துணை எளிதன்று. பன்றிக்கு வைத்த பொறி, பாம்புறையும் குழி, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல் என ஒவ்வோர் இடரையும் புலவர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். காட்டாற்று வழி வழுக்குமிடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார். வழி கவைத்துப் பிரியுமிடத்தில், செல்லும் வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து இட்டுச் செல்க என்கிறார். பின்வருவோர் திகையாதிருக்க அந்த முடிச்சு! வழிகாட்டிப் பலகைக்கு முன்னோடி வேறு வேண்டுமா?

வழியில் நடுகற்கள் உண்டு என்கிறது பாட்டு. அது வெறுங்கற்பனை அன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் தனி நூலாகவே வெளியிட்டது. (அக்கற்கள் காலத்தாற் பிற்பட்டவை, மரபு ஒன்றே.)

ஸ்காட்லாந்தில் மலைநீர்நிலையை 'லாக்' என்பர். சர் வால்ட்டர் ஸ்காட் 1810இல் 'தி லேடி ஆஃப் தி லேக்' என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் லாக் கேத்ரினைக் காணத் திரண்டனர். 1859 முதல் கிளாஸ்கோ நகருக்குக் குடிநீர் தரும் அந்நீர்நிலையின் வடகரைப் பாதையில் இன்றும் மிதிவண்டியாளர் மகிழ்ந்து செல்கின்றனர். ஒரு பாட்டு ஊர் உலகத்தை அங்கே அழைத்து வந்தது. நம் பாட்டோ, 1889இல் உ.வே. சாமிநாதையர் அச்சேற்றிய பின்னும், தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கிறது. கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு, தான் நாளும் கடக்கும் மணலாறே அப்பாட்டின் ஆறு என்பதை யார் சொன்னார்கள்?

மிதிவண்டியைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. இப்பாட்டு பெயர் பெற்றதே ஓசையால்தான். அருவியொலி, தேனெடுப்போர் ஆரவாரம், புலியால் புண்பட்ட கணவனுக்காகக் கொடிச்சி பாடும் பாட்டு எனப் பலவும் கலந்த மலையின் முழக்கத்தைப் புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். மோட்டார் வண்டியில் செல்பவர் தம் வண்டியின் ஓசையை மட்டுமே கேட்பார்.

ஆகவே இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக, மழைக்காலம் முடிந்து அணையில் நீர் நிற்கும் தை மாதத்து ஞாயிறு ஒன்றில், உள்ளூர் மாணவரை மிதிவண்டியில் அணைக்கு அழைத்துச் செல்லலாம். பாட்டின் படிகள் கையில் இருக்கட்டும். பொருள் சொல்ல ஓர் ஆசிரியர் உடன் சென்றால் போதும்.