எதிரணியை எடைபோடுதல்

ஆட்டம் தொடங்குமுன்னே தீர்ப்புக் கூறிவிடுவது விளையாட்டு இரசிகர்களின் பழைய வழக்கம். அமெரிக்காவில் அத்தீர்ப்புப் பெரும்பாலும் ஒரே ஓர் ஆட்டக்காரரின் மேலேயே விழும். அமெரிக்க உதைபந்தாட்டம் என்னும் பெயரைக் கேட்டு நேயர்கள் மயங்கவேண்டியதில்லை. அங்கே பந்தைக் காலால் உதைப்பது குறைவு. கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. நாம் அறிந்த றக்பி ஆட்டத்தின் வழிவந்தது அது. அதிலே குவாட்டர்பாக் எனப்படுபவரே தாக்குதலை நடத்துபவர். எதிரிகள் பாய்ந்துவரும் சில விநாடிகளுக்குள், பந்தை எவரிடம் சேர்ப்பது என அவர் முடிவு செய்தல் வேண்டும். ஆகவே, எதிரணியின் குவாட்டர்பாக்கை எடைபோட்டால் வெற்றி தோல்வியைக் கணித்துவிடலாம் என இரசிகர் எண்ணுவர்.

எடைபோடுவது குற்றமன்று. கையின் வலிமை, நெருக்கடியில் நிதானம், முன்னைய ஆட்டங்களின் பெறுபேறு ஆகியன நேர்மையான படிக்கற்கள். ஆனால், அந்தத் தராசிலே தோலின் நிறம் என்னும் கள்ளப் படிக்கல்லும் நெடுங்காலம் கிடந்தது. கறுப்பினத்தவர் விரைந்து ஓடுவர். ஆயினும் சிந்தித்துத் தலைமை தாங்கார் என்ற எண்ணம், அணிகளை நடத்தியோரிடத்தும் இரசிகரிடத்தும் வேரூன்றியிருந்தது.

1968ஆம் ஆண்டில் டென்வர் அணிக்காக மார்லின் பிரிஸ்கோ என்னும் கறுப்பின இளைஞர் குவாட்டர்பாக்காக ஆடினார். அப்பருவத்தில் அவர் எறிந்த பந்துகளால் 14 முறை எதிரணியின் எல்லை கடக்கப்பட்டது. எனினும் அடுத்த ஆண்டில் அவ்விடம் அவருக்குக் கிடைக்கவில்லை. வேறோர் அணிக்குச் சென்று, பந்தைப் பிடிப்பவராக மாறவேண்டியதாயிற்று. 1978இல் வாரன் மூன் என்பவரை அமெரிக்க அணிகளுள் ஒன்றேனும் தெரிவு செய்யவில்லை. அவர் கனடாவுக்குச் சென்றார். அங்கே அவருடைய அணி தொடர்ந்து 5 ஆண்டுகள் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றது.

1988 ஜனவரி 31ஆம் நாள், சான் டியேகோ நகரில் சுப்பர் போல் எனப்படும் இறுதியாட்டம் நடைபெற்றது. டென்வர் அணியின் குவாட்டர்பாக் ஜோன் எல்வே, அப்பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றவர். எதிரே நின்ற வாஷிங்டன் அணியின் டக் வில்லியம்ஸ், அப்பருவத்தின் வழமையான ஆட்டங்களுள் இரண்டிலே மாத்திரம் தொடக்கத்தில் இறங்கியவர். சுப்பர் போலில் அணியைத் தொடக்கத்திலிருந்து நடத்திய முதற் கறுப்பினக் குவாட்டர்பாக்கும் அவரே. டென்வர் வெல்லும் என்பதே பலரின் கணிப்பு.

அக்கணிப்பு முதலிலே பலிப்பதுபோற் தோன்றிற்று. டென்வர் 10 புள்ளிகள் பெற்றது. வாஷிங்டன் ஒன்றும் பெறவில்லை. வில்லியம்ஸ் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ஆயினும் இரண்டாங் கால்பகுதி தொடங்கியதும் மீண்டும் களம் புகுந்தார். முதல் எறிதலே 80 யார் தூரம் சென்று புள்ளிகளாயிற்று. அந்த ஒரு கால்பகுதியில் மட்டும் வாஷிங்டன் 35 புள்ளிகளைக் குவித்தது. முடிவில் 42க்கு 10 என அவ்வணி வென்றது. ஆட்டநாயகர் விருதும் வில்லியம்ஸுக்கே கிடைத்தது.

2023இல் நடந்த சுப்பர் போலில் இரு அணிகளின் குவாட்டர்பாக்குகளும் கறுப்பினத்தவர். பற்றிக் மஹோம்ஸின் கணுக்கால் தாங்குமா, ஜேலன் ஹேர்ட்ஸின் ஓட்டத்தைத் தடுக்கலாமா என்பவை அவ்வாட்டத்திற்கு முன் இரசிகர் வாதாடிய பொருள்களுள் அடங்கும். அவை ஆட்டத்துக்கு உரிய கேள்விகள்.

எல்வேயை மிகுத்தும் வில்லியம்ஸைக் குறைத்தும் மதித்த இரசிகரின் பிழையை ஆடுகளம் ஒரே மாலையில் திருத்திவிட்டது. ஆனால், களத்தில் இறங்கவே விடாது ஒருவரைத் தள்ளிவைக்கும் தீர்ப்பை எந்த ஆட்டமும் திருத்தமாட்டாது. பிரிஸ்கோ இழந்த ஆண்டுகள் மீளவில்லை. எதிரியை எடைபோடுவோர், முதலில் தம் படிக்கற்களைச் சோதித்துப் பார்த்தல் நன்று.