தாய்மாரும் சம்பாத்தியமும்

(மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டிருப்பதெல்லாம், “கைக்குழந்தையுள்ள தாய்மார் வீட்டிலிருந்தபடியே நாலு காசு சம்பாதிக்க வழி என்ன?” என்பதுதான். இங்கு வந்திருப்பவர்களில் பலர், நாம் தொழில்களுக்கு ஒரு ஜாபிதா வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம் என்று எண்ணியிருக்கக் கூடும். ஜாபிதாவுக்குப் பஞ்சமில்லை. இட்லி மாவு அரைத்து விற்கலாம், அப்பளம் இடலாம், ரவிக்கை தைக்கலாம், பூக் கட்டலாம், தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், கம்ப்யூட்டர் பழகியவர்கள் கணக்கு எழுதலாம், மொழிபெயர்க்கலாம். இவற்றில் எது உங்களுக்குத் தெரியாதது? நம் நாட்டுத் தாய்மாரின் கை சும்மாயிருந்த காலம் என்று ஒன்று உண்டா? இவ்வளவு வேலை தெரிந்திருந்தும், இவ்வளவு வேலை செய்தும், பெண்ணின் கையில் காசு நிற்பதில்லையே, அது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புதிதாக ஒரு தொழிலைத் தொடங்கினால், பழைய பாரத்தின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றினதாகத்தான் முடியும்.

முதலில் ஒரு பொய்யை ஒழிக்க வேண்டும். “என் வீட்டில் அவள் சும்மாதான் இருக்கிறாள்” என்று ஆண்கள் சொல்லுகிறார்கள். பெண்களே கூட, “நான் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று சொல்லுகிறார்கள். இந்திய சர்க்கார் 2019-ல் தேசம் முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கேட்டெழுதிய கணக்கு அது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டவர்கள், பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படி ஈடுபட்ட பெண்கள் அதற்குக் கொடுத்த நேரம் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷம். ஈடுபட்ட ஆண்கள் கொடுத்தது 97 நிமிஷம். 299 நிமிஷம் என்றால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பிள்ளையைக் கவனிக்கிற நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு. ஆகவே, வீட்டிலிருந்து சம்பாதிக்க முற்படுகிற தாய் சும்மாயிருந்தவளல்லள். ஒரு வேலையைச் செய்துகொண்டே இரண்டாவது வேலைக்குப் போகிறவள். “ஓய்வு நேரத்தில் செய்யக்கூடிய தொழில்” என்று யாராவது சொன்னால், அந்த ஓய்வு நேரம் எந்த நேரம் என்று தயவு செய்து கேளுங்கள்.

இரண்டாவது, அவள் சம்பாதிப்பது யாருடையது? மனுதர்மம் எட்டாம் அத்தியாயத்தில் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்கிறது. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொத்தில்லை. அவர்கள் தேடும் பொருள் அவர்களை உடையவனுக்கே சேரும் என்பது அதன் கருத்து. பெண்ணையும் அடிமையையும் ஒரே வரிசையில் நிறுத்தியவர்கள், பணத்துக்குத் தெய்வமாக மட்டும் ஒரு பெண்ணையே வைத்தார்கள். அவள் கையிலிருந்து பொற்காசு கொட்டுகிறமாதிரி படம் எழுதி, சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறார்கள். அந்தப் படத்தின் கீழே நிற்கிற உயிருள்ள பெண்ணோ, பிள்ளைக்கு மருந்து வாங்கப் பத்து ரூபாய் வேண்டுமென்றால் புருஷனின் சட்டைப் பையைப் பார்த்து நிற்க வேண்டும்! காகிதத்திலிருக்கிற லட்சுமிக்கு உள்ள மரியாதை, கையில் கரண்டி பிடித்திருக்கிற மனுஷிக்கு இல்லாமற் போன விந்தையைப் பாருங்கள்.

சட்டம் இன்று மனுவோடு நிற்கவில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டத்தின் 14-வது பிரிவு, ஒரு பெண் தன் திறமையாலோ உழைப்பாலோ தேடிய சொத்துக்கு அவளே முழு உரிமையாளி என்று சொல்லிவிட்டது. 2023 ஜூன் மாதத்தில் சென்னை ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி முன்னே போயிற்று. புருஷன் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தை நடத்தி வந்த ஒரு வழக்கில், அவளுடைய வீட்டு உழைப்பும் சேர்ந்துதான் அந்தச் சொத்து உண்டாயிற்று, ஆகையால் அவளுக்கும் அதில் சமபங்குண்டு என்று தீர்ப்புச் செய்தது. சட்டம் மாறிவிட்டது. ஆனால் சமையலறை மாறவில்லை. மாவு விற்ற பணம் சாயங்காலமே புருஷன் கைக்கோ மாமியார் கைக்கோ போய்விடுகிற வீடுகள் இன்று எத்தனை என்று உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, விலை வைப்பது யார்? இதற்கு நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்லுவோம். திருநெல்வேலி, தென்காசி ஜில்லாக்களில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கங்களுக்குப் போனால், திண்ணையிலும் நடையிலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைக் காணலாம். இலையை நனைத்து, அளவுக்கு வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கைதேர்ந்தவளுக்கும் ஆயிரம் சுற்ற அனேகமாய் ஒரு நாள் பொழுது ஆகிவிடும். கொடுத்த இலை ஆயிரத்துக்குக் காணாவிட்டால் கைக்காசு போட்டு இலை வாங்க வேண்டும்; சுற்றிக் கொண்டுபோனதில் கழிவு என்று ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது என்று இத்தொழிலாளர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். முதலாளிக்குக் கட்டடம் வேண்டாம், விளக்கு வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். இவையெல்லாம் அந்தப் பெண்ணின் வீட்டிலிருந்தே கிடைத்துவிடுகின்றன. அவளுக்குக் கிடைப்பதோ கழுத்து வலியும், முதுகு வலியும், குழந்தையின் தொட்டில் வரையில் பறக்கிற புகையிலைத் தூசியும்!

“வீட்டோடு இருந்துகொண்டு நாலு காசு பார்க்கிறாளே, அது போதாதா?” என்று கேட்பவர்களுண்டு. வீட்டிலிருந்து செய்கிற வேலை என்றால் கூலி குறைந்திருக்கலாம் என்று எந்த நியாயம் சொல்லுகிறது? திண்ணையில் சுற்றிய பீடியைக் கடைக்காரன் குறைந்த விலைக்கா விற்கிறான்?

ஆனால் இந்தப் பெண்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்றிருக்கிறது. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்பட்டபோது, வீட்டிலிருந்து சுற்றுகிறவளும் தொழிலாளியே என்று அதில் எழுதப்பட்டது. இலை கொடுப்பதிலும், பீடியைத் தள்ளுவதிலும், கூலியிலும் உண்டாகிற தகராறுகளைத் தீர்க்கவும் அதில் வழி வைக்கப்பட்டது. முதலாளிமார் கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2020-ல் பார்லிமெண்டு இயற்றிய தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. என்றாலும் அந்தத் தத்துவம் நிலைத்துவிட்டது. வேலை நடக்கிற இடம் வீடாயிருப்பதால் மாத்திரம், செய்கிறவள் தொழிலாளி அல்லாமற் போய்விட மாட்டாள். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 1996-ல் வீட்டு வேலைத் தொழிலாளருக்கென்றே 177-வது உடன்படிக்கையைச் செய்தது. மற்றத் தொழிலாளருக்கு உள்ள உரிமைகளைக் கூடிய மட்டும் இவர்களுக்கும் சமமாகக் கொடுக்க வேண்டுமென்பது அதன் சாரம். இந்தியா அதற்கு இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை.

இனி, இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம். 1959 மார்ச்சு 15-ந் தேதி பம்பாய் கீர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மாடியில் உட்கார்ந்து அப்பளம் இட்டார்கள். அதுதான் இன்று லிஜ்ஜத் என்று தேசமெங்கும் தெரிகிற ஸ்தாபனம். அங்கும் வேலை வீட்டில்தான் நடக்கிறது. கிளையில் பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் இட்டு உலர்த்திக்கொண்டு வந்து எடை போட்டுக் கொடுத்து கூலி பெறுகிறார்கள். பீடியும் வீட்டில்தான், அப்பளமும் வீட்டில்தான். வித்தியாசம் எங்கே? அப்பளம் இடுகிறவளே அந்த ஸ்தாபனத்தின் பங்காளி. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அவளுக்கும் அதில் பாகமுண்டு.

ஆமதாபாத்தில் 1972-ல் ஈலா பட் அம்மையார் சேவா என்னும் பெண் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, அதைப் பதிவு செய்ய அதிகாரிகள் தயங்கினார்கள். முதலாளி என்று ஒருவன் இல்லாதபோது யாரை எதிர்த்துச் சங்கம் என்பது அவர்கள் ஆட்சேபணை. தொழிலாளி இருந்தால் சங்கம் இருக்கலாம் என்று பெண்கள் வாதாடிப் பதிவு வாங்கினார்கள். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு பாங்கியே வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். எழுத்தறியாத பெண் பாங்கி வைக்க முடியுமானால், எழுத்தறிந்த பெண் தன் பேரில் ஒரு கணக்காவது வைக்க முடியாதா?

நம் நாட்டிலும் 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று குழு இல்லாத ஊரைத் தேட வேண்டும். ஆனால் குழுவென்றால் கடன் வாங்கும் இடம் என்று மட்டும் பலர் நினைத்திருக்கிறார்கள். கடன் வாங்க மட்டும் ஒன்று சேருவானேன்? மொத்தமாகச் சரக்கு வாங்கவும், ஒரே விலை வைக்கவும், தரகரிடம் ஒரே குரலில் பேசவும் சேரக் கூடாதா?

ஆகவே, எந்தத் தொழிலைத் தொடங்குவதானாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

முதற் கேள்வி: விலையோ கூலியோ வைப்பது யார்? கணக்குப் பார்க்காமல் விலை வைக்கவே கூடாது. மாவு விற்று ஒரு நாளில் 500 ரூபாய் வந்ததென்று வைத்துக்கொள்ளுவோம். அரிசி, உளுந்துக்கு 300, மின்சாரம், பை, சில்லறைக்கு 50, மிச்சம் 150. கழுவி, ஊற வைத்து, அரைத்து, பாத்திரம் துலக்கி, விற்று முடிக்க ஐந்து மணி நேரம் என்றால், மணிக்கு 30 ரூபாய். இன்னும் கிரைண்டர் தேய்மானம் இருக்கிறது. இந்தக் கூலிக்கு வெளியே எந்த ஆண் வேலைக்கு வருவான்? உங்கள் நேரத்தைக் கணக்கில் எழுதாவிட்டால், உலகத்தில் வேறு எவரும் அதை எழுத மாட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “வீட்டிலிருந்தபடியே மாதம் இத்தனை ஆயிரம்” என்று செல்போனில் வருகிற விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பணம் கட்டு, பதிவுக் கட்டணம் கட்டு, இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடு என்று சொல்வார்கள். வேலை செய்கிறவளுக்குக் கூலி கொடுப்பதுதான் வேலை. வேலை செய்ய வருகிறவளிடமே பணம் கேட்டால் அதற்குப் பெயர் மோசடி. ஜோசியக்காரன் தோஷத்தைச் சொல்லி வாங்குகிறான், இவன் ஆசையைச் சொல்லி வாங்குகிறான். வேறு பேதமில்லை.

இரண்டாவது கேள்வி: பணம் யார் கையில் சேருகிறது? பாங்கிக் கணக்கு உங்கள் பேரில் இருக்க வேண்டும். அதன் ரகசிய எண் உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்துக்குச் செலவிட வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கொடுப்பது உங்கள் இஷ்டமாயிருக்க வேண்டும், பிடுங்குவது பிறர் வழக்கமாயிருக்கக் கூடாது என்கிறோம்.

மூன்றாவது கேள்வி: நீங்கள் வேலை செய்கிற நேரத்தில் குழந்தையும் அடுப்பும் யார் பொறுப்பு? இது இங்கே பின்வரிசையில் நிற்கிற ஆண் தோழர்களுக்கான கேள்வி. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டுக்குப் போய் “தண்ணீர் கொண்டுவா” என்கிற தோழர்களை நாம் அறிவோம். குழந்தையைப் பெற மட்டுமே பெண் வேண்டும். வளர்க்க இரண்டு பேரும் உதவலாம். பால் கொடுப்பது ஒன்று நீங்கலாக, குழந்தைக்குச் செய்ய வேண்டிய வேலை எதுவும் ஆணின் கைக்கு வராததல்ல. உங்கள் மனைவி இரண்டு மணி நேரம் தையல் இயந்திரத்தில் உட்காருகிறாள் என்றால், அந்த இரண்டு மணி நேரம் குழந்தை உங்கள் இடுப்பில் இருக்கட்டும்.

“குழந்தை சிறிதாயிருக்கிறது, ஆகையால் இப்போதைக்கு வீட்டிலிருந்து செய்கிறேன்” என்று ஒரு தாய் தானே முடிவு செய்தால் அது அவள் சௌகரியம். “நம் குலத்துப் பெண் படி தாண்டக் கூடாது, வேண்டுமானால் உள்ளேயிருந்து சம்பாதிக்கட்டும்” என்று பிறர் முடிவு செய்தால், அது பழைய சிறைக்குள்ளேயே ஒரு பட்டறை வைத்ததாகும். வீட்டிலிருந்து சம்பாதிப்பது பெண் வெளியே வருவதற்குப் படியாக இருக்க வேண்டுமேயொழிய, உள்ளேயே நிறுத்தப் பூட்டாகிவிடக் கூடாது.

தாய்மார்களே! நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு நோட்டை எடுத்து, ஒரே ஒரு வாரம், செய்த வேலை, சென்ற நேரம், வந்த காசு, அது போன கை இந்த நான்கையும் எழுதிப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள்.